நீலப் பென்சிலால் வரைந்த கோடு

மாலை ஐந்து மணிக்கு மேல் எங்கள் தெருப் பிள்ளைகள் நாலைந்து பேர் திண்ணைக்கு வருவார்கள். பிரெஞ்சு சொல்லிக் கொடுக்கத்தான் ஆரம்பித்தேன். இப்போது கணக்கைத் தவிர எல்லாப் புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். போன மாதம் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் சமூக அறிவியல் பாடத்தை மூச்சு விடாமல் ஒப்பித்தான். புவித்தட்டுகள் நகர்வதால் எரிமலையும் நிலநடுக்கமும் உண்டாகின்றன என்று முடித்தான். சரி என்றேன். உடனே அவன், “நம்ம ஊர்ல எரிமலையும் இல்ல, பூகம்பமும் இல்ல. இதை நாம எதுக்கு தாத்தா படிக்கணும்?” என்று கேட்டான்.

அவன் 2004-க்குப் பிறகு பிறந்தவன். அதனால் அவனைக் கோபித்துக்கொள்ள முடியாது. அன்று அவனுக்குச் சொன்னதையும், சொல்ல முடியாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மொழியில் படித்தவன். 1963, 64 வாக்கில் ‘கத்ரியெம்’ வகுப்பில் இருந்தேன். இந்தக் காலத்துக் கணக்கில் எட்டாம் வகுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சுக்காரர்கள் போய்விட்டார்கள், ஆனால் புத்தகம் போகவில்லை. காவிரியைவிட லுவார் நதி எங்களுக்கு நன்றாகத் தெரியும். பூகோளம் எடுத்த முசியே கண்டிப்பானவர். வரைபடம் வரைந்தால் கடல் நீலத்தில், மலை பழுப்பில் இருக்க வேண்டும். கோடு கோணினால் கிழித்துவிட்டு மறுபடி வரையச் சொல்வார்.

அந்த வகுப்பில் எரிமலைப் பாடம் என்றால் பெலே மலைதான். மர்த்தினிக் தீவில் இருக்கிறது. அதுவும் பிரெஞ்சுக் குடியேற்ற நாடாக இருந்ததால் புத்தகத்தில் அதற்குத் தனி இடம். எங்களுக்கும் அந்தத் தீவு அந்நியம் இல்லை. 1853-ல் தொடங்கி முப்பது வருடத்தில் 25,000-க்கும் மேற்பட்ட இந்தியர்களைக் கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலிகளாக அங்கே கப்பலேற்றினார்கள். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஏறிய தமிழர்கள் அதில் ஏராளம். அவர்களில் பலர் குடியேறிய பாஸ்-புவாந்த் என்ற ஊர் பெலே மலையின் வடக்குச் சரிவிலேயே இருக்கிறது.

மலையின் தென்மேற்கே ஏழு கிலோமீட்டர் தூரத்தில் கடலோரமாக சேன்-பியேர் நகரம். நாடக அரங்கு, துறைமுகம், ரம் வியாபாரம் என்று செழிப்பான ஊர். 1902 ஏப்ரல் கடைசியில் மலை புகைந்து ஊருக்குள் சாம்பல் விழுந்தது. மே 5-ஆம் தேதி மலையிலிருந்து சேற்று வெள்ளம் இறங்கி ஒரு சர்க்கரை ஆலையை ஆட்களோடு மூடியது. சுற்று வட்டாரத்துக் கிராமத்தார் பயந்துபோய் பாதுகாப்பைத் தேடி சேன்-பியேருக்குள்ளேயே வந்தார்கள்.

ஊர் பயத்தைத் தீர்க்க ஒரு குழு போட்டார்கள். எரிமலை என்றால் நெருப்புக் குழம்பு ஒழுகும், அது பள்ளத்தில்தான் ஓடும், மலைக்கும் ஊருக்கும் நடுவில் பள்ளத்தாக்குகள் இருப்பதால் குழம்பு கடலுக்குப் போய்விடும் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். மே 7-ஆம் தேதி உள்ளூர்ப் பத்திரிகை, ஊரிலிருந்த லிசேயின் அறிவியல் ஆசிரியர் லாந்த் என்பவரின் கருத்தையும் போட்டு, பயப்பட வேண்டாம் என்று எழுதியது. ஆளுநர் முத்தே தம் மனைவியோடு வந்து ஊரிலேயே தங்கினார்.

மறுநாள் மே 8, கிறிஸ்து விண்ணேற்றத் திருநாள். காலை எட்டு மணி சுமாருக்கு மலை வெடித்தது. வந்தது குழம்பு அல்ல. கொதிக்கும் வாயுவும் சாம்பலும் கல்லும் கலந்த ஒரு கருமேகம் தரையை ஒட்டி உருண்டு வந்தது. பள்ளத்தாக்கு அதைத் தடுக்கவில்லை. ஒன்றிரண்டு நிமிடத்தில் ஊர் முடிந்தது. ஏறத்தாழ 28,000 பேர் இறந்தார்கள். ஆளுநரும் இறந்தார், ஆசிரியர் லாந்த்தும் இறந்தார். நகருக்குள் இருந்து பிழைத்தவர்கள் என்று எல்லோரும் சொல்வது இருவரை. ஒருவர் லெயோன் என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளி. இன்னொருவர் தடித்த சுவருள்ள சிறை அறையில் அடைபட்டிருந்த சிபாரிஸ் என்ற கைதி. அவரைப் பிறகு அமெரிக்க சர்க்கஸ் ஒன்று கூட்டிப்போய் ஊர் ஊராகக் காட்டியது.

பாரீசிலிருந்து அல்ஃபிரெட் லாக்ருவா என்ற அறிஞர் வந்து ஆராய்ந்து 1904-ல் பெரிய நூல் எழுதினார். அந்த மேகத்துக்கு அவர் வைத்த பெயரை நாங்கள் மனப்பாடம் செய்தோம், ‘நுவே ஆர்தாந்த்’. எரிமேகம் என்று சொல்லலாம்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன், மலைக்குள் நெருப்பு எங்கிருந்து வருகிறது முசியே என்று கேட்டான். முசியே மேசையில் ஒரு வாடிய ஆப்பிளை வைத்தார். பூமி முதலில் சூடாக இருந்தது, ஆறிச் சுருங்கிக்கொண்டு வருகிறது, பழம் வாடினால் தோல் சுருங்குவதுபோல் மலைகள் உண்டாயின, சுருக்கத்தின் வெடிப்பில் நெருப்பு வெளியே வருகிறது என்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் எலி தெ போமோன் போன்ற பிரெஞ்சு அறிஞர்கள் சொன்ன கொள்கை அது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். புத்தகத்தில் இருந்ததைச் சொன்னார்.

பிறகு உலக வரைபடத்தைக் கொடுத்து எரிமலை உள்ள இடத்தில் சிவப்புப் புள்ளி வைக்கச் சொன்னார். பசிபிக்கைச் சுற்றி ஒரு மாலை விழுந்தது. கீழ்த்திசைத் தீவுகளில் இன்னொரு சரம். சுமத்ரா, ஜாவாவுக்கு வெளியே கடலில் ஆழமான அகழி இருக்கிறது, நீலப் பென்சிலால் கோடு போடுங்கள் என்றார். போட்டேன். பத்துக்கு ஒன்பது மதிப்பெண். அந்தக் கோடு ஏன் அங்கே இருக்கிறது, சிவப்புப் புள்ளிகள் ஏன் அதற்கு இணையாகவே வரிசை கட்டி நிற்கின்றன என்று எங்களில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் ஆப்பிளிடம் பதில் இல்லை.

உண்மையில் பதில் அப்போது கடலடியிலிருந்து மேலே வந்துகொண்டிருந்தது. கண்டங்கள் நகர்கின்றன என்று ஜெர்மன் வானிலை அறிஞர் வேகனர் 1912-லேயே சொன்னார். ஆப்பிரிக்காவும் தென் அமெரிக்காவும் கிழித்த காகிதத்தின் இரண்டு பாதிபோல் பொருந்துவதையும், ஒரே பாறையும் ஒரே புதைபடிவமும் இரண்டு கரையிலும் கிடைப்பதையும் காட்டினார். எது அவற்றை நகர்த்துகிறது என்று கேட்டவர்களுக்கு அவரால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. பெரும்பாலோர் ஒதுக்கிவிட்டார்கள். 1930-ல் கிரீன்லாந்துப் பனியில் இறந்துபோனார்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கப்பல்கள் கடலின் ஆழத்தை அளந்தன. மேரி தார்ப் என்ற அமெரிக்கப் பெண்மணி அந்த அளவுகளை வைத்துப் படம் வரைந்தபோது, அட்லாண்டிக் கடலின் நடுவில் ஓடும் மலைத்தொடரின் உச்சியில் நீளமாக ஒரு பிளவு தெரிந்தது. அந்தப் பிளவில் புதிய கடல்தரை உண்டாகி இரண்டு பக்கமும் விலகுகிறது என்று 1962-ல் ஹெஸ் எழுதினார். 1963-ல் வைன், மாத்யூஸ் என்ற இரு ஆங்கிலேயர்கள் கடலடிப் பாறையில் பதிந்த காந்தக் கோடுகளை வைத்து அதற்குச் சான்று காட்டினார்கள். நான் ஆப்பிள் பாடம் படித்த காலம் அதுதான்.

1968-ல் நான் பள்ளிப் படிப்பை முடித்தேன். அதே வருடம் க்ஸவியே லெ பிஷோன் என்ற பிரெஞ்சு அறிஞர், பூமியின் மேலோட்டை ஆறு பெரிய தட்டுகளாகப் பிரித்து, எது எந்தத் திசையில் எவ்வளவு நகர்கிறது என்று கணக்கிட்டு வெளியிட்டார். அவர் பிறந்தது பிரெஞ்சு இந்தோசீனாவில், இன்றைய வியட்நாமில். 1973-ல் கல்கத்தாவுக்கு வந்து அன்னை தெரசாவின் இல்லத்தில் சில வாரம் தொண்டு செய்தார் என்பது இன்னொரு செய்தி. ஆக, பூமியைப் பற்றிய பாடமே மாறிய வருடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டு அரசு வேலைக்கு மனுப்போடக் கிளம்பிவிட்டேன். பிறகு நாற்பது வருடம் கோப்புதான்.

இப்போது பிள்ளைகளுக்கு ஆப்பிள் காட்டுவதில்லை. அவித்த முட்டையைத் தட்டி, ஓடு துண்டு துண்டாக இருப்பதைக் காட்டுகிறேன். அவைதான் தட்டுகள். உள்ளே இருக்கும் பாறை சூட்டினால் இளகி மிக மெதுவாக நகர்கிறது, மேலே தட்டுகளும் நகர்கின்றன. இரண்டு தட்டு விலகலாம், உரசிக்கொண்டு போகலாம், மோதலாம். இந்தியத் தட்டு ஆசியாவோடு மோதி எழுந்ததுதான் இமயமலை.

கடல்தரை மோதினால் கதை வேறு. மேசையில் இரண்டு நோட்டை வைத்து, மெல்லியதைத் தடித்ததன் அடியில் தள்ளச் சொல்வேன். கடல்தரை கனமானது, அதனால் அடியில் அதுதான் நுழையும். மடங்கி இறங்கும் இடத்தில் அகழி உண்டாகும். அதுதான் நான் போட்ட நீலக் கோடு.

இறங்கும் தட்டு கடல்நீரையும் பாறைக்குள் ஏந்திக்கொண்டு போகிறது. ஆழத்தில் அந்த நீர் மேலேயுள்ள சூடான பாறைக்குள் கசிகிறது. நீர் சேர்ந்தால் பாறை குறைந்த சூட்டிலேயே உருகும். வெறும் வாணலியில் வெல்லம் உருக நேரமாகிறது, கொஞ்சம் தண்ணீர் விட்டால் சீக்கிரம் பாகாகிறது அல்லவா? முழுக்கப் பொருந்தாத உதாரணம்தான், ஆனால் பிள்ளைகளுக்குப் பிடிபடுகிறது. உருகியது மேலே ஏறி எரிமலையாகிறது. அந்தக் குழம்பு பிசுபிசுப்பானது, வாயு சுலபமாகப் பிரியாது. கோலி சோடாவைக் குலுக்கித் திறந்த மாதிரி வெடிக்கும். பெலே மலை அப்படித்தான் வெடித்தது. அங்கே அட்லாண்டிக் கடல்தரை, கரீபியன் தட்டின் அடியில் வருடத்துக்கு இரண்டு சென்டிமீட்டர் அளவு இறங்குகிறது.

பூகம்பத்துக்கு மரஸ்கேல் போதும். மேசை ஓரத்தில் பிடித்து வளைத்து விட்டுவிடுவேன். தட்டுகள் எப்போதும் வழுக்கிக்கொண்டு போவதில்லை. பல இடத்தில் சிக்கிக்கொண்டு நிற்கும். அடித்தட்டு இறங்க இறங்க மேல்தட்டின் ஓரமும் வளைந்து கீழே போகும். நூறு, இருநூறு வருடம் கழித்துப் பிடி விட்டதும் ஸ்கேல் மாதிரி நிமிரும். நிலம் அதிரும். கடலடியில் நடந்தால் மேலே இருக்கும் தண்ணீர் மொத்தமும் தூக்கிப் போடப்படும்.

இங்கே வந்ததும் அந்தப் பையன், “இதெல்லாம் நமக்குப் பக்கத்துல எங்க இருக்கு?” என்றான். அட்லசை விரித்தேன். சுமத்ரா, அதற்கு மேலே நிக்கோபார், அந்தமான். இந்தியத் தட்டு அங்கே கிழக்கே போய் அடியில் இறங்குகிறது, ஒரு வருடத்தில் என் பேனா மூடி நீளம். அந்தமானில் பாரன் தீவு என்று புகையும் எரிமலை ஒன்றும் இருக்கிறது, நம் நாட்டு எரிமலை. மர்த்தினிக்கில் நடப்பதும் இங்கே நடப்பதும் ஒரே காரியம் என்றேன். பையன் விரலால் கோட்டைத் தடவிப் பார்த்தான்.

அவனிடம் சொல்லாததை இனி எழுதுகிறேன்.

2004-ல் எனக்குக் காரைக்காலில் பணி. டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி. ஏழு மணிக்கு மேல் சென்னையிலிருந்து என் மனைவியின் தம்பி தொலைபேசியில் கூப்பிட்டு, “மாமா, காலைல கட்டில் ஆடுச்சு. உங்க பக்கம் ஒண்ணும் இல்லையே?” என்று கேட்டார். இல்லை என்றேன். எட்டு மணி வாக்கில் தொலைக்காட்சியில் சுமத்ரா பக்கம் பெரிய பூகம்பம் என்று செய்தி ஓடியது. பாவம் அந்த ஜனங்கள் என்று சொல்லிவிட்டுப் பத்திரிகையை விரித்தேன்.

பூகம்பம் நடந்தது நம் நேரப்படி 6 மணி 29 நிமிடத்துக்கு. ரிக்டர் என்று நாம் பழக்கத்தில் சொல்லும் அளவில் 9.1. அகழியை ஒட்டி 1,200 கிலோமீட்டர் நீளத்துக்கு மேல் பிடி விட்டது. சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போய்ப் பெரும்பகுதி திரும்பி வரும் தூரம் அது. ஆழ்கடலில் அந்த அலை ஜெட் விமான வேகத்தில் வரும். இருந்தும் நம் கரையைத் தொட இரண்டரை மணி நேரம் ஆயிற்று. அந்த நேரத்தில் பட்டினச்சேரியிலும் கிளிஞ்சல்மேட்டிலும் காரைக்கால்மேட்டிலும் பிள்ளைகள் மணலில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் இறந்த சுமார் 600 பேரில் மிகப் பெரும்பாலோர் காரைக்கால் பகுதியைச் சேர்ந்தவர்கள்.

மதியம் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். பட்டியல் எழுதும் வேலை. வரிசை எண், பெயர், வயது, தகப்பனார் அல்லது கணவர் பெயர், ஊர், தொழில். ஆஸ்பத்திரியிலிருந்து சீட்டு வரவர எழுதினேன். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். தொழில் என்ற கட்டத்தில் ‘மாணவன்’, ‘மாணவி’ என்று எழுதி எழுதி, மூன்றாவது பக்கத்தில் மேற்படி, மேற்படி என்று போட ஆரம்பித்தேன். அலுவலகப் பழக்கம் அது. இரவு வீட்டுக்கு வந்து கை கழுவும்போதுதான் அந்த நீலக் கோடு ஞாபகம் வந்தது. சுமத்ராவுக்கு வெளியே கடலுக்குள் இருக்கும் கோடு. என் கையால் போட்டது.

எனக்குத் தெரிந்திருந்தால் என்ன செய்திருக்க முடியும் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். இரண்டு கிலோமீட்டர் சைக்கிளில் போய்க் கத்தியிருக்கலாம். ஒரு எழுத்தர் கத்தினால் யார் கேட்டிருப்பார்கள் என்றும் தோன்றும். ஆனால் அதே நாளில் தாய்லாந்தின் புக்கெட் தீவில் பத்து வயது ஆங்கிலச் சிறுமி டில்லி ஸ்மித், கடல் நுரைத்துப் பொங்குவதைப் பார்த்துவிட்டு, இரண்டு வாரம் முன் பூகோள வகுப்பில் படித்ததை வைத்துப் பெற்றோரிடம் கத்தினாள். சுமார் நூறு பேர் கரையை விட்டு வெளியேறிப் பிழைத்தார்கள். சுமத்ராவுக்குப் பக்கத்தில் சிமெலு தீவு, பூகம்பம் தொடங்கிய இடத்துக்கு மிக அருகில். அங்கே 1907-ல் ஒரு பேரலை வந்து பலரைக் கொண்டுபோனது. அதிலிருந்து தாத்தா பாட்டிகள் பேரப் பிள்ளைகளுக்கு ‘ஸ்மோங்’ கதை சொல்லி வந்தார்கள். நிலம் பலமாக ஆடினால் குன்றுக்கு ஓடு என்பதுதான் கதை. 2004-ல் அங்கே சுமார் 78,000 பேர் வாழ்ந்தார்கள். இறந்தவர்கள் ஏழு பேர்.

நம்மிடம் அந்தக் கதை இல்லை. நமக்கு இருந்தது மதிப்பெண் வாங்கிய ஒரு வரைபடம்.

2007-ல் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் தொடங்கினார்கள். 2012 ஏப்ரல் 11 மதியம் சுமத்ராவுக்கு அப்பால் மறுபடி பூகம்பம், அளவு 8.6. அப்போது நான் ஓய்வுபெற்றுப் புதுச்சேரிக்கு வந்திருந்தேன். எச்சரிக்கை வந்தது, கரையோர மக்கள் மேட்டுக்கு வந்தார்கள், பேரலை வரவில்லை. எதிர் வீட்டு நண்பர், வீணாகப் பயமுறுத்திவிட்டார்கள் என்று அலுத்துக்கொண்டார். மொட்டை மாடியிலேயே அவருக்கு விளக்கினேன். அன்று தட்டின் பகுதிகள் பக்கவாட்டில் உரசி நகர்ந்தன. கடல்தரை பெரிதாக மேலே எழவில்லை, அதனால் தண்ணீர் தூக்கப்படவில்லை. அடுத்த முறை எப்படி நகரும் என்று யாருக்குத் தெரியும்? எச்சரித்தால் நகர்வதுதான் சரி என்றேன். ஒரு எட்டாம் வகுப்புப் பாடம் எனக்கு முழுதாகப் புரிய அறுபது வயதுக்கு மேல் ஆகியிருக்கிறது.

பையனுக்குக் கடைசியாகச் சொன்னது இதுதான். கடற்கரையில் இருக்கும்போது நிலம் பலமாகவோ வெகு நேரமோ ஆடினால் ஓடு. நிலம் ஆடாவிட்டாலும், கடல் திடீரென உள்வாங்கினாலோ, பொங்கினாலோ, இரைந்தாலோ ஓடு. எப்போதும் முதலில் உள்வாங்கும் என்று நம்பாதே. தாய்லாந்துப் பக்கம் முதலில் உள்வாங்கியது, நம் பக்கம் முதலில் அலைதான் வந்தது. ஒரு அலை போனதும் வேடிக்கை பார்க்கத் திரும்பாதே, பின்னால் வருவது அதைவிடப் பெரிதாக இருக்கலாம். வானொலியில், கைப்பேசியில் எச்சரிக்கை வந்தால் யாரையும் கேட்டுக்கொண்டு நிற்காதே.

இரண்டு நாள் கழித்து அவன் வந்தபோது, வீட்டில் தங்கைக்கும் நோட்டு வைத்துத் தள்ளிக் காட்டியதாகச் சொன்னான். “தள்ளும்போது எதிர் நோட்டு சிக்கிட்டு வளையுது தாத்தா, நீங்க சொன்ன மாதிரியே” என்றான். எதுக்குப் படிக்கணும் என்று அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை.

இதைப் படிக்கும் உங்களில் பெரும்பாலோர் என் வயதுக்காரர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கே இருந்தீர்கள் என்பது உங்களுக்கும் மறந்திருக்காது. நம் வீட்டுப் பிள்ளைகளில் பாதிப் பேர் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். சோற்றுக்கு உட்காரும்போது ஒருமுறை சொல்லி வையுங்கள். அட்லஸ் இருந்தால் அந்தக் கோட்டையும் காட்டுங்கள்.